ஃபைட்டர் மீன் குஞ்சு ஒரு வாரத்துல ஏன் காணாம போகுது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். இந்த தடவை ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்திருக்கேன். படிச்சதுல இருந்து மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு, அதான்.

திண்டுக்கல் பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். "ஃபைட்டர் ஜோடி சேர்ந்துச்சு, ஆண் நுரைக்கூடு நல்லா கட்டுச்சு, முட்டை பொரிச்சு ஒரு இருநூறு குஞ்சாவது இருந்துச்சு. நீந்த ஆரம்பிச்சதும் ஆணை எடுத்துட்டேன். அவிச்ச முட்டை மஞ்சக்கருவை கரைச்சு ஊத்தினேன். ரெண்டு நாள்ல தண்ணி வெள்ளையா கலங்குச்சு, வாடை வந்துச்சு. ஒன்பதாவது நாள் தொட்டியில ஒண்ணுகூட இல்ல. என்ன மருந்து போடணும் அண்ணா?"

தம்பி, மருந்தே வேணாம். நோய் எதுவும் வரல. குஞ்சுக பட்டினியில போச்சு, மிச்சம் மீதி அழுகின மஞ்சக்கருவுல போச்சு. நம்ம பழைய ஆளுங்களுக்கு அடுத்து நான் என்ன சொல்லுவேன்னு தெரியும்: முதல்ல தீனி, அப்புறம்தான் ஜோடி. எத்தனை தடவை சொன்னாலும் கேள்வி இதே ரூபத்துல வந்துக்கிட்டுதான் இருக்கு.

நாள் கணக்கு பாருங்க. முட்டை போட்ட அன்னிக்கு பூஜ்யம்னு வைங்க. 27, 28 டிகிரி சூட்டுல ஒண்ணரை நாள்ல, தண்ணி குளிரா இருந்தா ரெண்டு நாள்ல பொரிக்கும். அதுக்கப்புறம் ரெண்டு, மூணு நாள் வால் கீழ தொங்க கூட்டுக்கு அடியிலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். வயித்துல இருக்குற மஞ்சக்கருப் பையிலதான் அந்த நாள் ஓடுது. நாலாவது, அஞ்சாவது நாள் படுக்கை வாக்குல நீந்த ஆரம்பிக்கும். அந்த நேரம் அந்தப் பை காலி. அன்னிக்கே வாய்க்கு முன்னாடி ஏதாவது நெளியணும், அசையணும். ஃபைட்டர் குஞ்சு பிறவி வேட்டைக்காரன், அசையாத பொருளை அது தீனின்னே மதிக்காது. மஞ்சக்கரு அசையுமா? நேரா தரைக்கு இறங்கி அழுகும், அமோனியா ஏறும்.

சரி, நெளியிற தீனி எங்க இருந்து வரும்? இன்ஃபுசோரியா, அதாவது தண்ணியில பெருகுற நுண்ணுயிர், தயாராக அஞ்சு, ஆறு நாள். மைக்ரோ வார்ம்ங்கற பொடிப் புழு டப்பாவுல ஏறி வர நாலு, அஞ்சு நாள். முட்டையைப் பார்த்த சந்தோஷத்துல அன்னிக்கு ஓடிப் போய் ஆரம்பிச்சா குஞ்சு நீந்துற நாளைக்கு ரெண்டையும் நம்ப முடியாது. சமையல்காரருக்கு சொல்லாம கல்யாணப் பத்திரிகை அடிச்ச கதைதான். அதனால ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில விடுறதுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடியே தீனி வேலை தொடங்கிடணும். அந்த பத்து நாள்தான் ஜோடிக்கும் உயிர்த் தீனி கொடுத்து தேத்துற நாள், ரெண்டும் சேர்ந்தே ஓடும்.

இன்ஃபுசோரியா எப்படின்னா, அஞ்சு லிட்டர் ஜாடியில, ஓடிக்கிட்டு இருக்குற பழைய மீன் தொட்டி தண்ணியை நிரப்புங்க. புதுத் தண்ணியில விதையே இருக்காது. வாழைப்பழத் தோல் ரெண்டு விரல் அளவு போதும். வெளிச்சம் படுற ஜன்னல் ஓரம், ஆனா நேர் வெயில் வேணாம். ரெண்டாவது, மூணாவது நாள் பால் மாதிரி கலங்கி நாறும். அது வெறும் பாக்டீரியா. இந்தக் கட்டத்துல எடுத்து ஊத்தினவங்கதான் "இன்ஃபுசோரியா போட்டேன், குஞ்சு செத்துடுச்சு"ன்னு எழுதுறாங்க. இன்னும் ரெண்டு, மூணு நாள் பொறுங்க. அந்த பாக்டீரியாவைத் தின்னுதான் நமக்கு வேண்டிய உயிர் பெருகும், தண்ணியும் தெளியும். ராத்திரி டார்ச் அடிச்சா தூசு மாதிரி தானா நகரும், அப்போ எடுங்க. பதினஞ்சு லிட்டர் குஞ்சுத் தொட்டிக்கு காலையில அரை டம்ளர், சாயங்காலம் அரை டம்ளர். ஜாடி வாயில மெல்லிசு துணி கட்ட மறக்காதீங்க. கொசு முட்டை விட்டா அந்தப் புழு நம்ம இன்ஃபுசோரியாவைத் தின்னுடும், டெங்கு பார்க்க வர்ற ஆளுங்ககிட்ட பதில் சொல்ற வேலையும் சேர்ந்துக்கும்.

மைக்ரோ வார்ம் இன்னும் சுலபம். மூடி வச்ச தட்டையான பிளாஸ்டிக் டப்பா. ஓட்ஸ் மூணு, நாலு ஸ்பூன் கெட்டியா கஞ்சி காய்ச்சி, நல்லா ஆறினதும் டப்பாவுல அரை இஞ்சு கனத்துக்கு பரப்புங்க. மேல ஒரு சிட்டிகை ஈஸ்ட், யார்கிட்டயாவது வாங்கின தாய்ப்புழு ஒரு ஸ்பூன். மூடியில ஓட்டை போட்டு பஞ்சு வைங்க. நாலு நாள் போனா புழு சுவர்ல ஏறும். விரலால சுவரை வழிச்சு எடுத்து தொட்டி தண்ணியில அலசி விடுங்க. கஞ்சியை அள்ளிப் போட்டா மஞ்சக்கரு கதைதான் மறுபடியும். எறும்புக்கு ஒரு தட்டுல தண்ணி ஊத்தி நடுவுல டப்பாவை வைக்கணும். ரெண்டு, மூணு வாரத்துல கஞ்சி நீர்த்துப் புளிச்ச வாடை வரும், அதுக்குள்ள புது டப்பா போட்டிருக்கணும். எப்பவும் ரெண்டு டப்பா ஓடட்டும். ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்.

ஒரு குறை சொல்லிடறேன். மைக்ரோ வார்ம் தண்ணியில அடிக்குப் போயிடும். அரை நாளுக்கு மேல தாங்காம செத்து அங்கேயே கிடக்கும். அதை மட்டுமே நம்பி மூணு வாரம் ஓட்டினா தரை அழுக்கு, குஞ்சுக்கு வளர்ச்சியும் சுமார். அஞ்சாறு நாளைக்கு அது, அப்புறம் ஆர்டீமியாவுக்கு, அதாவது உப்புத் தண்ணியில பொரியிற பொடி இறால் வகைக்கு, மாறணும்.

ஆர்டீமியாவுக்கு ஒரு லிட்டர் கூல் டிரிங்க் பாட்டில், அடியை வெட்டி தலைகீழா நிறுத்துங்க. ஒரு லிட்டர் தண்ணிக்கு கல் உப்பு 25ல இருந்து 30 கிராம். கண் மதிப்புல போடாதீங்க, தராசுல போடுங்க. ஆப்ப சோடா ஒரு சிட்டிகை. முட்டை ஒரு கிராம். அந்த ஒரு கிராம்லயே ரெண்டு லட்சத்துக்கு மேல முட்டை இருக்கும், இருநூறு குஞ்சுக்கு கால் கிராம்கூட தாராளம். ஏர் ஸ்டோன் மாட்டாதீங்க, வெறும் குழாயை அடி வரைக்கும் விட்டு பலமா காத்து ஓடட்டும். முட்டை எதுவும் அடியில தங்கக்கூடாது. மேல ஒரு லைட். 28 டிகிரின்னா 24 மணி நேரத்துல ஆரஞ்சு நிறத்துல பொரிஞ்சு நிக்கும்.

எடுக்குற விதத்துலதான் தப்பு நடக்குது. காத்தை நிறுத்தி பத்து நிமிஷம் விடுங்க. வெத்து ஓடு மேல மிதக்கும், பொரியாத முட்டை அடியில படியும், உயிருள்ளது வெளிச்சம் அடிக்கிற பக்கம் கூடும். லைட்டை கீழ்ப்பக்கம் காட்டி, மூடியைத் தளர்த்தி முதல்ல ஒரு வாய் தண்ணியை வெளிய விட்டுட்டு, அதுக்கப்புறம் வர்றதை நெருக்கமான துணியில பிடிங்க. மிதக்குற ஓடு இறங்குறதுக்கு முன்னாடி நிறுத்துங்க. ஓட்டைத் தின்னா சின்னக் குஞ்சுக்கு குடல் அடைச்சுக்கும். துணியில இருக்குறதை நல்ல தண்ணியில அலசிட்டுக் கொடுங்க, உப்பு தொட்டிக்குப் போகக்கூடாது. பொரிஞ்ச சூட்டோட கொடுத்தாதான் சத்து. நேரம் போகப் போக அது தன்னோட மஞ்சக்கருவையே தின்னு தீர்த்துடும். எவ்வளவு போடணும்? குஞ்சோட வயிறு ஆரஞ்சா தெரியணும். ரெண்டு மணி நேரம் கழிச்சும் தரையில ஆர்டீமியா குமிஞ்சு கிடந்தா அடுத்த வேளைக்குக் குறைச்சுக்குங்க. மீந்ததை ஏர் குழாயால உறிஞ்சி எடுத்துடுங்க. முட்டை டின்னைத் திறந்துட்டு சும்மா வைக்காதீங்க, நம்ம ஊர் ஈரக் காத்துல பொரிக்கிற அளவு குறைஞ்சுக்கிட்டே வரும். இறுக்கி மூடி ஃபிரிட்ஜ்ல வைங்க.

தொட்டி விஷயம் வேகமா சொல்லிடறேன். தண்ணி அஞ்சு, ஆறு இஞ்சு உயரம்தான். தரையில மணல், கல் எதுவும் வேணாம், கூட்டுல இருந்து விழற முட்டையை ஆண் பொறுக்கி மேல கொண்டு போகணும் இல்லையா. பாதாம் இலை ஒண்ணு போடலாம். ராத்திரியில மங்கலா ஒரு லைட் எரியட்டும். முட்டை போட்டு முடிஞ்சதும் பெண்ணை உடனே எடுத்துடணும், இல்லன்னா ஆண் கிழிச்சு விட்டுடும். முதல் ஈட்டுல ஆணே முட்டையைத் தின்னா அதை ஒதுக்காதீங்க, அடிக்கடி போய் எட்டிப் பார்த்தாலும் தின்னும். குஞ்சு நீந்தின நாலஞ்சு நாளைக்கப்புறம் தினம் பத்து சதவீதம் தண்ணி மாத்துங்க, அதே சூட்டுல, சொட்டுச் சொட்டா. மூணாவது வாரத்துக்கு மேல மேல்காத்தை சுவாசிக்கிற உறுப்பு உருவாகும், அந்த சமயம் கண்ணாடி மூடி கட்டாயம். தண்ணிக்கு மேல இருக்குற காத்தும் சூடா, ஈரமா இருக்கணும். மார்கழி, தை மாசத்துல ஹீட்டர் இல்லாம செய்யாதீங்க.

இதுவரைக்கும் தம்பி கேட்டதுக்கு பதில். இப்போ அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வர்றேன். இருநூறு குஞ்சும் போச்சேன்னு வருத்தப்படுறார். பிழைச்சிருந்தா எங்க வச்சிருப்பார்?

கணக்கு போடுவோம். 120 பிழைக்குதுன்னு வைங்க. சுமாரா பாதி ஆண், 60. ரெண்டு மாசம் தாண்டினதும் ஒண்ணை ஒண்ணு கடிக்கும், தனித்தனி ஜாடி வேணும். ஜாடிக்கு ஒண்ணரை லிட்டர்னா ஒரு தடவை தண்ணி மாத்த 90 லிட்டர். வாரத்துக்கு ரெண்டு தடவை, 180 லிட்டர், அதுவும் குளோரின் போக ஒரு நாள் முன்னாடியே பிடிச்சு வச்ச தண்ணி. ஜாடிக்கு ரெண்டு நிமிஷம்னாலும் ஒரு தடவைக்கு ரெண்டு மணி நேரம். விக்கிற பருவம் வர மூணரை, நாலு மாசம் ஆகும். இது ஒரே ஒரு ஜோடியோட கணக்கு! அடுத்த மாசம் இன்னொரு ஜோடி போட்டா ஜாடி எங்க? அதனாலதான் சொல்றேன், எத்தனை ஜாடி கழுவ முடியுமோ அத்தனை ஆண் மீன்தான் உங்க பண்ணை. மீதிக் குஞ்சை ஒரு இஞ்சு அளவுலயே பக்கத்துல வளர்க்கிறவங்களுக்குக் கொடுத்துடலாம்.

விக்கிற இடம். ஜோடி போடுறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட போங்க. மூணே விஷயம் கேளுங்க: எந்த ரகம் ஓடுது, எந்த சைஸ்ல எடுப்பீங்க, ஒரு தடவைக்கு எத்தனை. அவருக்கு ஒரே ரகம், ஒரே சைஸ், கிழியாத துடுப்பு, இதுதான் வேணும். எட்டு ரகத்துல ஏழேழு மீன் கொண்டு போனா தள்ளித்தான் விடுவார். சென்னைக்காரங்க ஒண்ணு யோசிக்கணும். கொளத்தூர்ல வீட்டுக்கு வீடு தொட்டி வச்சு வளர்க்கிறாங்க. சாதா நீலம், சிவப்பு நீள வால் ஆணை வச்சுக்கிட்டு அங்க விலையில மோத முடியாது. மத்த ஊர்ல நிலைமை வேற. அங்க பெட்டியில வெளியூர்ல இருந்து வர்ற மீன்ல கொஞ்சம் வழியிலயே சாகும், சில வந்த மறுநாள் சாகும். பக்கத்துத் தெருவுல இருந்து, அதே ஊர்த் தண்ணியில வளர்ந்த முப்பது மீன் மாசம் தவறாம வந்தா கடைக்காரருக்கு அந்த நஷ்டம் இல்ல. திண்டுக்கல் தம்பிக்கு இதுதான் பலம். கடையில விக்கிற விலையை வச்சு கனவு காணாதீங்க, அதுல கடை வாடகையும் சாவும் இருக்கு. பெண் மீனுக்கு கிராக்கி கம்மி, கணக்குல பெருசா சேர்க்காதீங்க.

மானியம் பத்தியும் ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. 2020ல வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்துல கொல்லைப்புற வண்ணமீன் வளர்ப்புன்னு ஒரு பிரிவு இருக்கு. பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம். இப்போ விண்ணப்பம் வாங்குறாங்களான்னு மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்துல விசாரிங்க. என்னைக் கேட்டா, ரெண்டு ஈடு குஞ்சை விக்கிற வரைக்கும் கொண்டு வராம அந்தப் பக்கமே போகாதீங்க. முதல்ல தீனி, அப்புறம் ஜோடி, அப்புறம் ஜாடி, மானியம் எல்லாம் அதுக்குப் பின்னாடி.

முதுகு வளைஞ்சது, துடுப்பு இல்லாதது ஈட்டுக்கு சிலது வரும். ஏரியில, கிணத்துல கொண்டு விடாதீங்க. ஃபைட்டர் தாய்லாந்து மீன், நம்ம குளத்து மீன் இல்ல. டேங்க் கிளீனர் மீனை வாங்கினவங்க ஏரியில விட்டுட்டு, இன்னிக்கு வலை போடுறவங்க அதைக் கழிச்சுப் போட முடியாம திண்டாடுறாங்க. இனப்பெருக்கத்துக்குப் போடாம சும்மா வளர்க்க யாராவது கேட்டா கொடுங்க.

கடைசியா பேக்கிங். முந்தின நாள் தீனி நிறுத்துங்க, இல்லன்னா பைக்குள்ள கழிவு சேரும். ஒரு பைக்கு ஒரு ஆண். மூணுல ஒரு பங்கு தண்ணி, மீதி காத்து. ஃபைட்டருக்கு ஆக்சிஜன் அடிக்க வேணாம், சாதா காத்தையே மேல வந்து குடிச்சுக்கும். கப்பி மீனுக்கு அப்படி இல்ல, தூரம் போகுதுன்னா ஆக்சிஜன் வேணும். பையோட ரெண்டு மூலையையும் ரப்பர் பேண்ட் போட்டு மடக்குங்க, மூலையில சொருகித்தான் நிறைய மீன் சாகுது. பைக்கு நடுவுல நியூஸ் பேப்பர் வைங்க, ஒண்ணை ஒண்ணு பார்த்தா வழி முழுக்க விறைச்சுக்கிட்டே போகும். எல்லாத்தையும் தெர்மோகோல் பெட்டிக்குள்ள அடுக்கி, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி அனுப்பிடுங்க. மொய்னா (மீன் தீனிக்கு வளர்க்கிற தண்ணிப்பூச்சி) தொட்டி பச்சையாகவே மாட்டேங்குதுன்னு கேட்டவங்களுக்கு அடுத்த வீடியோவுல பதில் சொல்றேன், அதுவும் இந்தத் தீனிக் கதையோட மிச்சம்தான்.