புராஸ்டேட் ஆபரேஷன்: முன்பே கேட்க வேண்டியது

நேயர்களுக்கு வணக்கம். புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கிற சுரப்பி. அதற்கான ஆபரேஷனில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. வயதானால் வருகிற சாதாரண வீக்கத்துக்குச் செய்வது ஒன்று. புற்றுநோய்க்காகச் சுரப்பியையே எடுத்துவிடுவது இன்னொன்று. இரண்டின் ஆபத்துகளும் வேறு வேறு. தெரிந்தவர் ஒருவருக்கு இப்படி ஆகிவிட்டது என்று பயப்படுவதற்கு முன், அவருக்கு நடந்தது எது என்று கேளுங்கள்.

வீக்கத்துக்கு, சிறுநீர் போகிற வழியாகவே கருவியை விட்டு, அடைக்கிற சதையைச் சுரண்டி எடுக்கிறோம். டி.யு.ஆர்.பி. என்பார்கள். ரத்தக்கசிவு, கிருமித்தொற்று பற்றியெல்லாம் எப்படியும் சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. இதற்குப் பின் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு உறவின்போது விந்து வெளியே வருவதில்லை. சிறுநீர்ப்பையின் வாய் சரியாக மூடாததால் பின்னோக்கி உள்ளே போய், அப்புறம் சிறுநீரோடு போய்விடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. விறைப்பும் பெரும்பாலும் முன்போலவே இருக்கும்.

ஒருவர் ஆபரேஷன் ஆகிச் சில மாதம் கழித்து என்னிடம் வந்தார். மனைவியை வெளியே உட்காரவைத்துவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "டாக்டர், உள்ளே ஏதாவது அறுந்துபோச்சா?" என்றார். சிறுநீர் தடையில்லாமல் போகிறது. ஆபரேஷனில் ஒரு குறையுமில்லை. ஆனால் இவர் மனைவியின் பக்கத்தில் படுப்பதையே நிறுத்தியிருந்தார். சம்மதப் படிவத்தில் விந்து வெளியே வராமல் போகலாம் என்ற வரி இருந்திருக்கிறது, கையெழுத்தும் போட்டிருக்கிறார். எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை. 'இந்த வயதில் இவருக்கு இதெல்லாம் எதற்கு' என்று நாங்களே முடிவுகட்டிவிடுகிறோம். அந்த முடிவு அவருடையது. நீங்களாகவே கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். இனி குழந்தை வேண்டும் என்பவர் கட்டாயம் கேட்க வேண்டும்.

புற்றுநோய்க்கு வருவோம். விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியை ஒட்டியே இருபக்கமும் ஓடுகின்றன. 1982-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் பேட்ரிக் வால்ஷ் அவற்றைக் காப்பாற்றி ஆபரேஷன் செய்தார். இன்றும் புற்று நரம்புவரை பரவியிருந்தால் விட்டுவைக்க முடியாது. இந்த ஆபரேஷனுக்குப் பின் சிறுநீர் சொட்டுவது பலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும், சிலருக்கு நிற்பதேயில்லை. வீரியம் குறைந்த புற்றா, கண்காணித்தால் போதுமா என்று முதலில் கேளுங்கள்.

நேரமாகிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். டி.யு.ஆர்.பி. முடிந்த இரண்டாவது வாரத்தில் சிறுநீரில் மறுபடி ரத்தம் தெரியலாம்; மலம் கழிக்கும்போது முக்காதீர்கள். ரத்தம் கட்டிகட்டியாக வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வணக்கம்.