ரெண்டு துண்டு சிலிக்கோன் அச்சு எங்க பிழைக்குது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இண்டைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்திருக்கன், ஏனெண்டா அதுக்குள்ளயே நாலு கேள்வி கிடக்கு. களுவாஞ்சிக்குடியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கா. வாசிக்கிறன்.

"9 சென்டிமீட்டர் நீளத்துல பாடும் மீன் உருவம் ஒண்டு செஞ்சு, அதுக்கு ரெண்டு துண்டு சிலிக்கோன் அச்சு எடுத்தன். பிள்ளைகள் விளையாடுற கிளேயில மீனைப் பதிச்சு ஊத்தினா, கிளே பட்ட பக்கம் இறுகாமப் பசை மாதிரிக் கிடந்திச்சு. மறுகா வேற சிலிக்கோன் வாங்கி, சட்டி பானை செய்யிற களிமண் வெச்சு ஊத்தினன். அது இறுகினிச்சு, ஆனா ரெண்டு பாதியும் ஒண்டோட ஒண்டு ஒட்டிப்போச்சு. வெட்டிப் பிரிச்சு ரெசின் ஊத்தினா, மீன்ட நடுவால படி மாதிரி ஒரு கோடு. செட்டை நுனியெல்லாம் காத்துக் குமிழ். எங்க பிழை விட்டன்?"

ரெண்டு துண்டு அச்சு எண்டா, மீனைப் பாதி வரைக்கும் களிமண்ணுல புதைச்சு மேல ஒரு பாதி சிலிக்கோன் ஊத்தி, மறுகா களிமண்ணை எடுத்துட்டு மறுபாதி ஊத்துற. தங்கச்சி, ஒட்டிப்போனதைத் தவிர நீங்க சொன்ன மற்றதெல்லாம் பெரும்பாலும் சிலிக்கோன் பேணியைத் திறக்க முந்தியே நடந்த பிழை. இந்த வேலையில ஊத்துறது பத்து நிமிசம். களிமண் வேலைக்கு ரெண்டு மணித்தியாலம் குடுக்கணும். கனபேர் இதை மாத்திச் செய்யிறாங்க.

முதல்ல அந்தப் பசை. வீட்டு வேலைக்கு வாற ஊத்துற சிலிக்கோன் ரெண்டு சாதி, அதை இறுக வைக்கிற உலோகத்திட பேரால சொல்லுற. ஒண்டு பிளாட்டினம், பெரும்பாலும் ஏ, பி எண்டு ரெண்டு போத்தல், சரிக்குச் சரி கலக்கிற. மற்றது டின் (வெள்ளீயம்), பெரிய பேணியில சிலிக்கோனும் சின்னப் போத்தல்ல அதை இறுக வைக்கிற ஹார்ட்னரும் வரும், 100க்கு 2, 3, 5 எண்டு கலக்கிற. பிளாட்டினத்துக்குக் கந்தகம் ஆகவே ஆகா. பிள்ளைகளிட எண்ணெய்க் கிளே கனக்கத்துல கந்தகம் இருக்கும். அது பட்ட இடத்துல சிலிக்கோன் எத்தனை நாள் வெச்சாலும் இறுகா. லேட்டக்ஸ் கையுறை, டின் சிலிக்கோன் பட்ட கிண்ணம், சரியாக் கழுவிக் காயாத திறீடி பிரின்ட் ரெசின் உருவம், இதுகளும் அதே வேலையைச் செய்யும். கையுறை நைட்ரைல் போடுங்க. புதுக் கிளே வாங்கினா, கரண்டியளவு சிலிக்கோன் கலக்கி ஒரு துண்டுக் கிளேயில தடவி, அது இறுகுதா எண்டு பார்த்துட்டுத்தான் வேலையைத் தொடங்கணும்.

டின் சிலிக்கோனுக்கு இந்தப் பயம் பெரிசா இல்ல. சட்டி பானைக் களிமண்ணோட நல்லா ஒத்துப்போகும். ஆனா டின் அச்சு கொஞ்சம் சுருங்கும், வருசக் கணக்குல வெச்சாப் பலமும் குறையும். பிளாட்டினம் சுருங்கிறதே தெரியா, கன நாள் நிக்கும். முதல் அச்சுப் பழகிறவருக்கு நான் டின்தான் சொல்லுவன். கைப் பிழையைப் பொறுக்கும். வாங்கக்குள்ள ஷோர் ஏ (இறுகின சிலிக்கோன் எவ்வளவு கடினம் எண்டு காட்டுற அளவு) 20 தொடக்கம் 30 வரை எண்டு போட்டிருக்கிறதை எடுங்க. அதை விட மெத்தெண்டு இருந்தா ரெண்டு பாதியும் நேராப் பொருந்தி நிக்கா.

பெட்டி எவ்வளவு பெரிசு? உங்கட மீன் நீளம் 9, உயரம் 4, தடிப்பு 3 சென்டிமீட்டர் எண்டு வெச்சுக்கொள்ளுவம். சுத்திவர 1.2 சென்டிமீட்டர் இடம் விடுங்க, ரெசின் ஊத்துற துளை, அதாவது ஊத்துவாய், வாற பக்கம் மட்டும் 2 சென்டிமீட்டர். கொஞ்சம் கூட்டி எடுத்தா உள்ளளவு 11.5க்கு 7.5. மெலமைன் பலகைத் துண்டு, பேர்ஸ்பெக்ஸ் எது எண்டாலும் காணும். நாலு சுவரும் தனி, அடிப்பலகை தனி. அடியைக் கழட்ட ஏலாத பெட்டி இந்த வேலைக்குச் சரிவரா. மூலைகளை வெளிப்பக்கத்தால குளூ கன்னால அடைங்க. சின்ன ஓட்டையாலயும் சிலிக்கோன் மெல்ல மெல்ல ஒழுகும், விடியப் பார்த்தா மேசையில கிடக்கும்.

இப்பதான் முக்கியமான இடம், களிமண் படுக்கை. மீனைப் படுக்க வெச்சு மேல இருந்து நேராப் பார்த்தா அதிட ஓரமாத் தெரியிற கோடு இருக்கே, அதுதான் பிரிகோடு. களிமண் அந்தக் கோடு வரைக்கும் வரணும், ஒரு நூல் கூடவும் வேணாம், குறையவும் வேணாம். வால் வளைஞ்சிருந்தா களிமண்ணும் வாலோட சேர்ந்து ஏறி இறங்கணும். தட்டையான களிமண்ணுல வளைஞ்ச மீனை அமத்தினா ஒரு பக்கம் புதையும், மறுபக்கம் தூக்கி நிக்கும், அச்சு கழராது.

களிமண் மீனைத் தொடுற ஓரம் நேர் மூலையா, 90 பாகையில இருக்கணும். விரலால தடவினா களிமண் மீன்ட உடம்புல கொஞ்சம் ஏறிச் சரிவா நிக்கும். அந்தச் சரிவுதான் நாளைக்கு அச்சுல கடதாசி மாதிரி மெல்லிய உதடா வரும், ரெண்டு மூண்டு தரத்துல கிழியும், ரெசின் அதுக்குள்ளால பிதுங்கும். விரலை எடுத்துட்டு, ஈர்க்கு நுனியாலயும் ஈரப் பிரஷ்ஷாலயும் அந்த ஓரத்தைச் சுத்திச் சுத்தித் துப்புரவாக்குங்க. சட்டி பானைக் களிமண் காயக் காயச் சுருங்கும், மீனைச் சுத்தி வெடிப்பு விடும், அந்த வெடிப்புக்குள்ள சிலிக்கோன் இறங்கும். எங்கட வெயிலுக்கு ஒரு மணித்தியாலம் காணும் அது வெடிக்க. வேலை செய்யாத நேரம் ஈரத் துணியால மூடி வைங்க, அண்டைக்கே ஊத்துங்க.

உங்கட அந்தப் படி மாதிரிக் கோடு எங்கால வந்திச்சு? ஒண்டு, பூட்டு, அதாவது ரெண்டு பாதியும் நகராமப் பொருந்த வைக்கிற குழியும் முண்டும், இல்லாம இருந்திருக்கும். விளையாடுற கண்ணாடி மாபிள் குண்டு ஒண்டை எடுத்து, களிமண் படுக்கையில மீனுக்கும் சுவருக்கும் நடுவுல நாலஞ்சு இடத்துல அமத்திக் குழி எடுங்க. மாபிள் பாதிக்குக் கொஞ்சம் குறைவா இறங்கணும், பாதிக்கு மேல போனா மறுபாதி கழரக்குள்ள பிய்யும். மீனுக்குக் கிட்டவா, ஆனா மீனை முட்டாமக் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். ஒரு பக்கம் ரெண்டு, மறுபக்கம் மூண்டு எண்டு வெச்சா மாறிப் பூட்டவும் ஏலா. மற்றக் காரணம், முதல் பாதி இறுகினாப் பிறகு மீனைக் கையில எடுத்துப் பார்த்திருப்பீங்க. எடுக்கவே கூடா. திருப்பி உள்ள வெச்சா முந்தி இருந்த மாதிரி இருக்கா, அடியால புதுச் சிலிக்கோன் போயிரும், படி விழும்.

செட்டை நுனிக் குமிழும் இந்தக் களிமண் நேரத்துலயே தீர்க்க வேண்டிய விசயம். காத்து மேல போகும், எங்க முட்டுதோ அங்க நிக்கும். மீனை வயிறு மேல பார்க்க அச்சை நிமிர்த்தி ரெசின் ஊத்துற மாதிரித் திட்டம் போடுங்க. ஊத்துவாய் வயித்துல. முதுகுச் செட்டை அடியில போகும், அது முதல்ல நிரம்பும். மேல பார்த்து நிக்கிறது வயித்துச் செட்டையும் வால்ட கீழ் நுனியும்தான். அந்த ஒவ்வொரு நுனியில இருந்தும் ஊத்துவாய்ப் பக்கத்துப் பெட்டிச் சுவர் வரைக்கும் ஒரு ஈர்க்குத் துண்டை களிமண்ணுல பாதி புதைச்சு வைங்க, அதுதான் காத்துவழி. வயித்துல 6 தொடக்கம் 8 மில்லிமீட்டர் தடிப்புல பேனைக் குழாய்த் துண்டு ஒண்டு ஊத்துவாய்க்கு. வாலால ஊத்தாதீங்க. மெல்லிய இடத்தால ரெசின் இறங்காது, வெட்டின தழும்பும் வடிவா மறையா.

சிலிக்கோன் எவ்வளவு வேணும்? மீன் பாதித் தடிப்பு 1.5, அதுக்கு மேல 1.2, மொத்தம் 2.7 சென்டிமீட்டர் உயரம். 11.5, 7.5, 2.7 மூண்டையும் பெருக்கினா 233 கனசென்டிமீட்டர். மீனை அளவுக் கோப்பையில தண்ணிக்குள்ள முக்கி அதிட கனவளவு பார்த்திருப்பீங்க, 50 எண்டு வைப்பம். பாதி 25 கழிச்சா 208. சிலிக்கோன் தண்ணியை விடக் கொஞ்சம் பாரம், 1.15ஆல பெருக்கினா 239 கிராம். கோப்பையில ஒட்டுறதுக்குப் பத்து வீதம் கூட்டுங்க, 265 கிராம். ரெண்டு பாதிக்கும் 530.

100க்கு 3 கலக்கிற டின் எண்டா அந்த 265க்கு ஹார்ட்னர் 8 கிராம். குசினித் தராசு ஒரு கிராம் பிழை காட்டினாலே எட்டுல ஒண்டு பிழைச்சுப் போகுது. 0.1 கிராம் காட்டுற சின்னத் தராசு கட்டாயம். கெதியா இறுகட்டும் எண்டு ஹார்ட்னரைக் கூட்டாதீங்க, அச்சு கூடச் சுருங்கும், நாள் போகப் பிய்யும். கலக்கக்குள்ள கோப்பையிட சுவரையும் அடியையும் வழிச்சு வழிச்சுக் கலக்கி, வேற கோப்பைக்கு மாத்தி இன்னொருக்காக் கலக்குங்க. இடைக்கிடை இறுகாத திட்டு வாறது பெரும்பாலும் இதைச் செய்யாததால.

பேணியில 20 நிமிசம் வேலை நேரம் எண்டு போட்டிருந்தா அது 23, 25 பாகை செல்சியஸ் சூட்டுக்குச் சொன்ன கணக்கு. பத்துப் பாகை கூடினா நேரம் ஏறக்குறையப் பாதியாகும். பங்குனி சித்திரையில மட்டக்களப்பு மத்தியானத்துல உங்களுக்கு 10, 12 நிமிசம்தான் இருக்கு. விடியக் காலமை ஊத்துங்க. கச்சான் காத்து அடிக்கிற மாதங்கள்ல யன்னலைச் சாத்துங்க, மீன் மேல விழுற ஒவ்வொரு தூசியும் அச்சுல பதியும்.

முதல்ல பிரஷ்ஷால மெல்லிசா மீன் முழுக்கத் தடவி, செதில் இடுக்குல நிக்கிற குமிழை உடைங்க. மறுகா பெட்டியிட ஒரு மூலையில, ஒரு அடி உயரத்துல இருந்து நூல் மாதிரி ஊத்துங்க. மெல்லிய நூலா இறங்கக்குள்ள குமிழ் தானா உடையும். மீனுக்கு மேல நேரா ஊத்தாதீங்க, அது மூலையில இருந்து தானா ஏறி மூடட்டும்.

ஒரு இரவு விட்டு, பெட்டியைக் கவிழ்த்து அடிப்பலகையைக் கழட்டி, களிமண்ணை மட்டும் எடுங்க. மீனும், ஈர்க்கும், குழாயும் இருந்த இடத்துலயே இருக்கட்டும். ஈரப் பஞ்சால துடைச்சுக் காய விடுங்க.

இப்ப ரெண்டாவது பாதி, உங்களுக்கு ஒட்டிப்போன இடம். சிலிக்கோனுல வேற ஒண்டும் லேசா ஒட்டா, ஆனா சிலிக்கோனுல சிலிக்கோன் ஒட்டினாப் பிரிக்க ஏலா. நடுவுல ஒரு பூச்சுக் கட்டாயம் வேணும். வாசலின் காணும், ஆனா அள்ளிப் பூசக் கூடா. தடிப்பாப் பூசினா அந்தத் தடிப்பே ரெண்டு பாதிக்கும் நடுவுல இடைவெளியாகும், பிரஷ் கோடும் பதியும். ஒரு பங்கு வாசலினை ரெண்டு மூண்டு பங்கு வைட் ஸ்பிரிட்டுல (பெயின்ட் கரைக்கிற திரவம்) கரைச்சு, மெல்லிய பிரஷ்ஷால பூசிக் காய விட்டு, இன்னொருக்காப் பூசுங்க. அடுப்புல வெச்சுச் சூடாக்க வேணாம், தீப்பிடிக்கும். வெந்நீர்ப் பாத்திரத்துல, நெருப்பில்லாத இடத்துல வெச்சுக் கரைக்கலாம். பூட்டுக் குழி, சுவர் ஓரம், ஈர்க்கைச் சுத்தி, இந்த மூண்டும்தான் கூட விடுபடுற இடம். மறுகா முந்தின மாதிரியே 265 கிராம்.

டின் அச்சைக் கழட்டின கையோட ரெசின் ஊத்தாதீங்க. அதுல இருந்து இன்னும் ஆவி போய்க்கொண்டிருக்கும், ரெசின்ட மேற்பக்கம் மங்கும். ரெண்டு மூண்டு நாள் திறந்து வைங்க. ஊத்தக்குள்ள முன்னுக்கும் பின்னுக்கும் பலகைத் துண்டு வெச்சு ரெண்டு றப்பர் பான்ட் போடுங்க. ரெசின் ஒழுகாத அளவுக்கு இறுகினாக் காணும். ஆகலும் இறுக்கினா அச்சு நசுங்கும், மீன் மெலியும், படியும் திரும்ப வரும்.

எபோக்ஸி ரெசின் எண்டா 50 கனசென்டிமீட்டருக்கும் ஊத்துவாய்க்கும் சேர்த்து 60 கிராம் அளவு. ரெண்டுக்கு ஒண்டு எண்டு போட்டிருந்தா அது நிறையா, கனவளவா எண்டு வாசிச்சுப் பாருங்க. ரெண்டும் ஒண்டில்ல, ஹார்ட்னர் பாரம் குறைஞ்சது. 3 சென்டிமீட்டர் தடிப்புக்கு மேசைக்குப் பூசுற ரெசின் சரிவரா, சூடேறி மஞ்சளாகும், வெடிக்கும். தடிப்பா ஊத்துறதுக்கெண்டே மெல்ல இறுகிற ரெசின் இருக்கு, அதை எடுங்க. மாரியில ஈரக் காத்துக்கு ரெசின்ட மேற்பக்கத்துல வெள்ளை படரும், அண்டைக்கு ஊத்தாம விடுறது நல்லம். ரெசின் தோலுல படவிடாதீங்க, ஒருக்கா ஒவ்வாமை வந்தாப் பிறகு விடாது. மினுக்கக்குள்ள மாஸ்க் போடுங்க.

கல்முனைப் பக்கம் இருந்து இன்னொருவர், பைபர் போட் செய்யிற ரெசின் ஊத்தலாமா எண்டு கேட்டிருந்தார். ஊத்தலாம், இறுகும். ஆனா அது பொலியெஸ்டர். கூடச் சுருங்கும், காத்துப் பட்ட பக்கம் பிசுபிசுக்கும், கண்ணாடி மாதிரித் தெளிவும் வரா. அதுல இருக்கிற ஸ்டைரீன் சிலிக்கோனுக்குள்ள ஊறி அச்சைக் கெதியாக் கெடுக்கும். நிறம் பூசப் போற பொம்மை எண்டா, காத்தோட்டமான வெளி இடத்துல வெச்சுச் செய்யுங்க. பாடும் மீன் கண்ணாடி மாதிரி வேணும் எண்டா எபோக்ஸிதான்.

தங்கச்சி, வெட்டிப் பிரிச்ச அந்தப் பழைய அச்சை எறிய வேணாம். சின்னச் சின்னத் துண்டா நறுக்கிக் கழுவிக் காய வெச்சு, அடுத்த டின் அச்சு ஊத்தக்குள்ள மீனைத் தொடாத வெளி ஓரத்துல போட்டா, 265 கிராம்ல கொஞ்சத்தை மிச்சம் பிடிக்கலாம். வாசலின் பட்ட துண்டை மட்டும் சவுக்காரம் போட்டுக் கழுவுங்க, இல்லாட்டிப் புதுச் சிலிக்கோன் அதோட சேரா.