பெல்ட்டில் ஒரு புதுத் துளை

நேயர்களுக்கு வணக்கம்.

எச்.ஐ.வி. கூட்டு மருந்தை நம் அரசு 2004 ஏப்ரலில் இலவசமாக வழங்கத் தொடங்கியது. முதல் மையங்களில் தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்கள் சில மாதங்களில் தாமாகவே நடந்து வந்து மாத்திரை வாங்கிய காலம் அது. ஆனால் அன்றைய மாத்திரைகளில் ஸ்டாவுடின் என்ற மருந்து இருந்தது. விலை மலிவு, உயிர் காத்தது. ஓரிரு ஆண்டுகளில் கன்னத்துக் கொழுப்பையும் கரைத்தது. கன்னம் ஒட்டி, கைகளில் நரம்பு புடைத்து, பாதம் எரியும். வெளியே சொல்லாத நோயை முகமே ஊருக்குச் சொல்லிவிடும். 2009இல் உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது.

இன்று டோலுடெக்ராவிர் அடங்கிய மாத்திரை, நாளுக்கு ஒன்று. விடாமல் சாப்பிட்டு, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாக அது பிறருக்குத் தொற்றாது. இப்போது வேறு புகார்: எடை ஏறுகிறது. அண்மையில் ஒருவர் தம் பெல்ட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கடைசித் துளையும் போதாமல், ஆணியைச் சுட வைத்துப் புதிதாக ஒன்று போட்டிருந்தார். சர்க்கரையும் ஏறியிருந்தது. "கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கட்டுமா டாக்டர்?" என்றார்.

கூடவே கூடாது. இடையிடையே மருந்தை நிறுத்திப் பார்த்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. நிறுத்தியவர்களிடையே மரணம் கூடியது. மாரடைப்பு போன்ற இதயக் கோளாறுகளும் கூடின. மருந்தைவிட, அடங்காத வைரஸ்தான் ரத்தக் குழாய்களை அதிகம் புண்ணாக்குகிறது. எடை ஏறுவதில் ஒரு பங்கு, நோயில் இழந்த உடம்பு திரும்புவதுதான். எல்லோருக்கும் இப்படி ஏறுவதும் இல்லை.

என் கவலை வேறு. இவர்களில் பலர் சர்க்கரை டாக்டரிடம் எச்.ஐ.வி.யைச் சொல்வதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் டோலுடெக்ராவிர், ரத்தத்தில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மருந்தின் அளவை உயர்த்தும். பொதுவாக மெட்ஃபார்மின் நாளுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை வெறும் வயிற்றில் இதனுடன் சேர்த்து விழுங்கினால், டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாக ஒட்டாது.

எச்.ஐ.வி. உள்ளவரை ஒதுக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது என்று அவரிடம் சொன்னேன். சட்டத்தைக் கேட்டு அவர் சிரித்தார். ஆனாலும் மாத்திரைப் பெயர்களை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார். நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு பெல்ட்டை எடுத்து, அந்தப் புதுத் துளையிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பினார்.