தப்பிப் போன மீனும் மேசைக்கு அடியில் போன புலியும்

நேயர்களுக்கு வணக்கம்.

மீன் பிடிக்கிறவர்கள் பொய் சொல்வார்கள் என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். என் வீட்டில், நான் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பும் ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதிப் பொய்யைச் சொல்வது மீன்காரர் இல்லை, கேட்டுக்கொண்டிருப்பவர். இன்றைக்கு நான் சொல்ல வந்தது அதைத்தான்.

நம்ம சிங்கப்பூரின் பிடோக் ஜெட்டியை, அதாவது படகுத்துறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் கோஸ்ட் கரையிலிருந்து கடலுக்குள் கிட்டத்தட்ட 250 மீட்டர் நீண்டு போகிறது. சனிக்கிழமை இரவென்றால் தூண்டில் வைக்க இடம் கிடைக்காது. தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் ஐஸ் பெட்டியும் மடக்கு நாற்காலியுமாக உட்கார்ந்திருப்பார்கள். ஜெட்டியின் கோடியில் ஒருவருக்கு நல்ல இழுவை. தங்கூசி, அதாவது தூண்டில் நரம்பு, அறுந்துபோகிறது. அவர் சொன்னது அவ்வளவுதான்: "அறுந்துபோச்சு." நடுவில் நிற்பவர் அதைத் திருக்கை என்கிறார். அவருக்கு அடுத்தவர் பெரிய திருக்கை என்கிறார். கரைப் பக்கம் கதை வந்து சேரும்போது அது ஆள் உயரத் திருக்கை, தூண்டிலையே கடலுக்குள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இவ்வளவும் நடக்கும்போது அந்த மனிதர் கோடியில் தலையைக் குனிந்து புதுக் கொக்கி கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அதற்காக எங்களை அரிச்சந்திரன் பரம்பரை என்று சொல்ல வரவில்லை. கையை விரித்து அளவு காட்டும் பழக்கம் எல்லாருக்கும் உண்டு. வானொலியில் அது முடியாது என்பதால் இன்று என் மீன்கள் எல்லாம் உள்ளபடியே இருக்கும். கைபேசி வந்தபின் வேறொரு வழி. மீனை இரண்டு கையாலும் பிடித்துக் கேமராவை நோக்கி நீட்டிவிட்டால் போதும், ஒரு கிலோ கொடுவா ஐந்து கிலோவாகத் தெரியும். இங்கே நாம் சியாக்காப் என்று வாங்குகிறோமே, அதுதான் கொடுவா. அடுத்த முறை யாராவது படம் அனுப்பினால் மீனைப் பார்க்காதீர்கள், விரல்களைப் பாருங்கள். விரல் முகத்தைவிடப் பெரிதாக இருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

இன்னொன்று. மீனின் அளவைக் கூட்டிச் சொல்பவர், பிடித்த இடத்தைக் கேட்டால் மட்டும் ஊமையாகிவிடுவார். "அண்ணே, எங்கே பிடிச்சீங்க?" "அந்தப் பக்கம்தான் தம்பி." எந்தப் பக்கம்? பொங்கோலா, சாங்கியா? பதில் வராது. தெரிந்துவிட்டால் மறுவாரம் அங்கே கூட்டம் கூடிவிடும் என்ற பயம். பெரிய பொய் மீனைப் பற்றியது இல்லை, இடத்தைப் பற்றியது என்பது என் கட்சி.

வேட்டைக்காரர்கள் கதை வேறு மாதிரி. அவர்கள் அளவுநாடா வைத்திருந்தார்கள், அதிலும் வழி கண்டுபிடித்தார்கள். வெள்ளைக்காரர் காலத்து இந்தியாவில் சுட்ட புலியை இரண்டு விதமாக அளப்பார்கள். மூக்கு நுனியில் ஒரு முளை, வால் நுனியில் ஒரு முளை அடித்து, இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் அளப்பது ஒன்று. தலை, முதுகு, வால் என்று உடம்பின் வளைவோடு நாடாவை ஓட்டுவது இன்னொன்று. இரண்டாவது முறையில் அதே புலி சில அங்குலம் வளர்ந்துவிடும். செத்தபிறகு வளர்ந்த புலிகள் ஏராளம். வைஸ்ராய் வேட்டைக்கு வந்தால் பதினோரு அங்குலத்தையே ஓர் அடியாகக் காட்டும் தனி நாடா எடுத்து வருவார்கள் என்று வேட்டைக்காரர்களே கேலி பேசிக்கொண்டார்கள். அந்த நாடாவும் ஒரு கட்டுக்கதையாகத்தான் இருக்கும். ஆனால் பாருங்கள், யாரும் வைஸ்ராயைப் பொய்யர் என்று சொல்லவில்லை. அவர் பொய்யே சொல்லவில்லையே! பக்கத்தில் இருந்தவர்கள் அவருக்காகச் சொன்னார்கள்.

சரி, நம்ம ஊர்ப் புலிக்கு வருவோம். இதைச் சொல்லாமல் நான் மைக்கை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

ராஃபிள்ஸ் ஹோட்டலில் பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் புலியைச் சுட்டார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நடந்தது 1902ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். அது காட்டுப் புலி இல்லை. பக்கத்தில் நடந்த விலங்குக் காட்சியிலிருந்து தப்பி வந்தது. ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் அறை தனிக் கட்டடம், தரையிலிருந்து தூண்கள்மேல் உயர்த்திக் கட்டியது. அந்தத் தூண்களுக்கு நடுவே இருட்டில் போய்ப் படுத்துக்கொண்டது புலி. யாரைக் கூப்பிடுவது? ராஃபிள்ஸ் கல்வி நிலையம் அப்போது எதிரிலேயே இருந்தது, இன்றைக்கு ராஃபிள்ஸ் சிட்டி நிற்கும் இடத்தில். அதன் தலைமையாசிரியர் பிலிப்ஸ் குறி பார்த்துச் சுடத் தெரிந்தவர். அவரை வரவழைத்தார்கள். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், உங்கள் பள்ளித் தலைமையாசிரியர் துப்பாக்கியோடு குனிந்து கட்டடத்துக்கு அடியில் எட்டிப் பார்க்கிறார்! இருட்டில் கண்கள் மின்னுவது மட்டும்தான் தெரிகிறது. சுட்டார். புலி செத்தது.

இதுவே போதுமான கதைதானே? ஆனால் கேட்டவர்களுக்குப் போதவில்லை. கட்டடத்துக்கு அடியில் இருந்த புலி மெல்ல மாடியேறி அறைக்குள் வந்து மேசைக்கு அடியில் படுத்துவிட்டது. பிறகு அதற்குப் பதவி உயர்வும் கொடுத்தார்கள்: சிங்கப்பூரின் கடைசிப் புலி! இங்கே கடைசிக் காட்டுப் புலி சுடப்பட்டது 1930-ல், சுவா சூ காங் பகுதியில் என்பார்கள். ஹோட்டல் புலியோ கூண்டில் வளர்ந்த பிராணி. பிலிப்ஸ் இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததாக நான் எங்கும் படித்ததில்லை. சுற்றுலாப் பயணிகளை அழைத்துப் போகும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன், "சரியாகத்தான் சொல்லேன் அப்பா" என்று. அவர் சொன்னார்: "மேசைக்கு அடியில் என்றால் கேமராவை எடுக்கிறார்கள். கட்டடத்துக்கு அடியில் என்றால் அடுத்து எங்கே போகிறோம் என்று கேட்கிறார்கள்." நான் சொன்னேன் பார்த்தீர்களா, கேட்கிறவர்தான் கூட்டுகிறார்.

படித்தவர்களும் விலக்கில்லை. 1854-ல் இங்கே வந்து வண்டும் பூச்சியும் சேகரித்த ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், சிங்கப்பூர்ப் புலிகள் சராசரியாக நாளுக்கு ஒரு சீனரைக் கொல்கின்றன என்று எழுதினார். தோல் பதனிட உதவும் காம்பியர்ச் செடியின் தோட்டங்களில் தொழிலாளிகள் புலிக்குப் பலியானது உண்மை, கொடுமையான உண்மை. ஆனால் நாளுக்கு ஒருவர் என்றால் வருடத்துக்கு 365 பேர். யார் உட்கார்ந்து எண்ணினார்கள்? ஊரே சொன்னது, அவரும் எழுதினார்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சங்க இலக்கியத்துக்கென்று பாதி நேரம் ஒதுக்கி வைத்திருந்தேன், புலி தின்றுவிட்டது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

புறநானூற்றில் 152ஆவது பாட்டு, பாடியவர் வன்பரணர். வல்வில் ஓரி ஓர் அம்பு விடுகிறான். யானையை வீழ்த்திய அம்பு புலியைக் கொன்று, மானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. ஒரே அம்பு, ஐந்து பிராணி. இதையும் வேட்டைக்காரன் சொல்லவில்லை, புலவர் சொல்கிறார். ஓரி தன் பெயரைக்கூடச் சொல்லாமல் நாணி நிற்கிறான். அந்த உடும்பு எனக்கு மிகவும் பிடிக்கும். யானையோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்த மனம் வரவில்லை பாருங்கள்.

அப்புறம் குறள் 772. முயலை எய்த அம்பைவிட யானைமேல் எறிந்து தவறிய வேல் ஒன்றை ஏந்துவது இனிது என்கிறார் வள்ளுவர். அவர் சொன்னது போர்வீரனுக்கு. ஜெட்டியில் நாங்கள் அதைத் தப்பிப் போன மீனுக்குச் சொல்லிக்கொள்கிறோம். வீட்டில் இதுவரை எடுபடவில்லை.

நேரமாகிவிட்டது, வணக்கம்.