சிம்மாசனத்துக்கு அடியில் ஒரு துப்பறிவாளர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, பின்னால் நிற்கிற அப்பா அம்மாக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'சிறுவர் துப்பறியும் கதைகளில் துப்புத் துலக்க ஏற்றது விலங்கா, மனிதரா?' என்பது தலைப்பு. நான் விலங்கின் பக்கம். எனக்கு முன் பேசிய எதிரணி அக்கா மூன்று குற்றச்சாட்டு வைத்தார். பேசுகிற நாயையும் தொப்பி போட்ட எலியையும் படித்தால் பிள்ளைக்குத் தடயம் என்றால் என்ன, விசாரணை என்றால் என்ன என்று புரியாமல் வெறும் கற்பனையில் மிதக்கும் என்றார். நரி என்றால் தந்திரம், எலி என்றால் திருட்டு என்று முத்திரை குத்தத்தான் இந்தக் கதைகள் உதவும் என்றார். அப்புறம், இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று முடித்தார். கைதட்டலும் வாங்கினார். நான் அந்தக் கடைசிக் குற்றச்சாட்டில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் சொன்னாலே மற்ற இரண்டில் பாதி கரைந்துவிடும்.

புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் இருபத்திரண்டாவதாக வருவது குக்குர ஜாதகம். குக்குரம் என்றால் நாய். காசி அரசன் பிரம்மதத்தன் ஒருநாள் பூந்தோட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிறான். தேரை முற்றத்தில் நிறுத்துகிறார்கள், வாரையும் தோலையும் கழற்றாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ராத்திரி மழை. தோல் நன்றாக ஊறிவிட, நாய்கள் அதைக் கடித்துத் தின்றுவிடுகின்றன. காலையில் வேலைக்காரர்கள் அரசனிடம் போய், சாக்கடை வழியாக வெளிநாய்கள் உள்ளே வந்து தின்றுவிட்டன என்கிறார்கள். அரசன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கண்ட இடத்தில் நாய்களைக் கொல்லுங்கள் என்று உத்தரவு போடுகிறான். செத்தது போக மிச்சம் இருந்த நாய்கள் எல்லாம் சுடுகாட்டுக்கு ஓடி, அங்கே இருக்கிற தங்கள் தலைவனிடம் சொல்லி அழுகின்றன.

இந்தத் தலைவன் நாய் என்ன செய்கிறது என்று கவனியுங்கள், பிள்ளைகளே. அழவில்லை, குரைக்கவில்லை, முதலில் யோசிக்கிறது. அரண்மனையைச் சுற்றி அத்தனை காவல் இருக்கிறது, வெளியில் இருக்கிற நாய் உள்ளே போக வழியே இல்லை, அப்படியென்றால் தோலைத் தின்றது உள்ளேயே வளர்கிற உயர்சாதி நாய்களாகத்தான் இருக்க வேண்டும். இவ்வளவும் சுடுகாட்டில் உட்கார்ந்தபடியே போட்ட கணக்கு. ஆனால் கணக்கு மட்டும் போதாது, நிரூபிக்க வேண்டுமே! தனியாக நகருக்குள் நடந்து, நேராக அரசவைக்குள் புகுந்து, சிம்மாசனத்துக்கு அடியில் போய் நின்றுகொள்கிறது. காவலர்கள் விரட்ட வர, அரசன் தடுத்துவிடுகிறான். அப்புறம்தான் விசாரணை. தின்றது எந்த நாய் என்று தெரியுமா? தெரியாது. எல்லா நாயையும் கொல்கிறீர்களா? இல்லை, என் அரண்மனை நாய்களை விட்டுவிடுவேன். அப்படியானால் இது நீதி இல்லை, பாரபட்சம் என்று அரசனின் முகத்துக்கு நேரே சொல்கிறது அந்த நாய்.

அதோடு விடவில்லை. கொஞ்சம் மோரும் தர்ப்பைப் புல்லும் கொண்டுவரச் சொல்கிறது. புல்லை நசுக்கி மோரில் கலந்து அரண்மனை நாய்களுக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். அவை வாந்தி எடுக்கின்றன. வாந்தியில் தோல் துண்டுகள்.

நடுவர் அவர்களே, தடயம் என்றால் என்ன என்று பிள்ளைக்குப் புரியாது என்றார்களே, இதைவிடத் தெளிவாக எப்படிப் புரியவைப்பது? சந்தேகம், ஊகம், விசாரணை, சோதனை, சான்று என்று வரிசை மாறாமல் எல்லாம் இருக்கிறது. இதை எங்கள் வாசிப்பு வட்டத்தில் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, நாய் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒரு சின்னப் பெண், காவல்காரங்க இருக்கும்போது வெளிநாய் எப்படி வந்திருக்கும் என்று கேட்டுவிட்டாள். அந்தக் கேள்வியை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, கதை கேட்கவைத்தது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்ட மரபில் இருந்து வந்த கதை இது, வெளிநாட்டுச் சரக்கு என்று எப்படிச் சொல்வது? இதே ஜாதகத் தொகுப்பில் குளத்தை நோக்கிப் போகும் காலடிகள் இருக்கின்றன, திரும்பி வந்த காலடி ஒன்றுகூட இல்லை என்று கண்டுபிடித்துத் தன் கூட்டத்தையே காப்பாற்றும் குரங்குத் தலைவன் கதையும் உண்டு. தரையைப் பார்த்துக் கதையைப் படிக்கிற வேலையை நம் குரங்குகள் எப்போதோ தொடங்கிவிட்டன.

இன்னொன்று. அந்த நாய்த் தலைவன் இருந்த இடத்தில் ஒரு பத்து வயதுப் பையனை வைத்துப் பாருங்கள். அவன் புத்திசாலியாக இருக்கலாம், அதே மோர் யோசனையைக்கூடச் சொல்லலாம். ஆனால் அந்த உத்தரவால் அவன் உயிருக்கு ஆபத்து இல்லை. கதையின் வலி முழுக்க, குற்றம் சாட்டப்பட்ட கூட்டத்தில் ஒருவரே தன் கூட்டத்துக்காகத் துப்புத் துலக்க வேண்டியிருப்பதில்தான் இருக்கிறது. வகுப்பில் கண்ணாடி உடைந்தால் கடைசி பெஞ்சு முழுக்க எழுந்து நிற்க வேண்டியிருக்கிறதே, அந்தப் பிள்ளைக்கு இந்த நாய் யார் என்று உடனே தெரியும். பெரியவர்கள் தன்னைக் கேட்காமலே முடிவெடுக்கிற உலகத்தில்தான் குழந்தையும் வாழ்கிறது, நாயும் வாழ்கிறது.

சரி, முத்திரைக்கு வருகிறேன். அமெரிக்காவில் வால்டர் ஆர். புரூக்ஸ் என்பவர் 1932இல் 'ஃப்ரெடி தி டிடெக்டிவ்' எழுதினார். துப்பறிவாளர் ஒரு பன்றி. ஷெர்லாக் ஹோம்ஸ் என்கிற துப்பறிவாளரின் கதைகளைப் படித்துத் தொழில் கற்றுக்கொண்ட பன்றி. சோம்பேறி, அழுக்கு என்று உலகமே முத்திரை குத்திய பிராணிதான் அந்தப் பண்ணையிலேயே யோசிக்கிற ஆள். ஒரு பூனை காகத்தைக் கொன்று தின்றுவிட்டதாகக் குற்றச்சாட்டு வருகிறது, சேவல் நீதிபதியாக உட்கார்ந்து விசாரணை நடக்கிறது. பூனை என்றாலே பறவையைத் தின்னும், இதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்று எல்லோரும் நினைக்கிற இடத்தில்தான், இது எலிகள் ஜோடித்த வழக்கு என்று நிரூபிக்கிறது அந்தப் பன்றி. பார்த்தீர்களா, அங்கே எலிதானே வில்லன் என்று எதிரணி கேட்கும். சரி, நியாயம்தான். ஆனால் 1958இல் ஈவ் டைட்டஸ் எழுதிய கதையில் லண்டன் பேக்கர் தெருவில் ஹோம்ஸ் வீட்டு நிலவறையில் குடியிருந்துகொண்டு, அவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டே துப்பறிவாளராகும் 'பேசில்' என்பவர் ஒரு சுண்டெலி. ஒரு கதையில் எலி திருடன், இன்னொன்றில் எலிதான் துப்பறிவாளர். இரண்டையும் படித்த பிள்ளை எலியைப் பற்றி என்ன முடிவுக்கு வரும்? எந்த எலி என்று பார்க்க வேண்டும் என்றுதானே?

எனக்கு ரொம்பப் பிடித்தது 1979இல் வந்த 'பன்னிகுலா'. வீட்டுக்குப் புதிதாக ஒரு முயல்குட்டி வருகிறது, சமையலறையில் காய்கறிகள் எல்லாம் சாறு உறிஞ்சப்பட்டு வெளுத்துக் கிடக்கின்றன. வீட்டுப் பூனை நிறையப் படித்த பூனை, இது ரத்தக்காட்டேரி முயல் என்று தீர்மானித்து, முயலைச் சாப்பிடவிடாமல் பட்டினி போடத் தொடங்கிவிடுகிறது. முயல் வாடுவதைப் பார்த்து மனசு கேட்காமல் அதற்கு உணவு கிடைக்க வழி பார்ப்பது கதை சொல்கிற நாய். இதில் துப்பறிவாளரே தவறான இடத்துக்குப் போகிறார், புத்திசாலித்தனம் மட்டும் இருந்து இரக்கம் இல்லாவிட்டால் விசாரணை எப்படிக் கொடுமையாக மாறும் என்பதை எட்டு வயதில் ஒரு பிள்ளை பார்த்துவிடுகிறது. மனிதச் சிறுவர்கள் துப்பறியும் எத்தனை கதைகளில் இது கிடைக்கும்?

அடுத்து, நிஜ உலகத்தில் நாய் மோப்பம் பிடிக்கும், அவ்வளவுதான், அது விசாரிக்காது என்றும் இடையில் ஒரு வார்த்தை சொன்னார் எதிரணி அக்கா. உண்மை. மோப்ப நாய் காட்டியதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத முடியாது, நாய் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லாது, அதைக் குறுக்கு விசாரணை செய்யவும் வழியில்லை என்கிற ஆட்சேபங்களை நம் உச்ச நீதிமன்றமே பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்துப் பேசியிருக்கிறது. நல்ல விலங்குக் கதையும் இதையேதான் செய்கிறது. மூக்கு வழியைக் காட்டும், முடிவுக்கு மூளைதான் வர வேண்டும். மூக்கை மட்டும் வைத்துக் குற்றவாளியைப் பிடித்துவிட்டால் அது மோசமான கதை, அந்த மாதிரிக் கதைகளுக்காக நான் இங்கே வாதாட வரவில்லை.

கடைசியாக, இங்கே எழுதுகிறவர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழில் இந்த வகைக் கதைகள் இன்னும் நிறைய வேண்டும், விலங்குக்கு மனித வேஷம் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்காமல் எழுத வேண்டும். காகம் தனக்குத் தீங்கு செய்த மனித முகத்தை ஆண்டுக்கணக்கில் நினைவு வைத்திருக்கும் என்று அமெரிக்காவில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் ஆள் அடையாளம் காட்ட அதைவிட நல்ல சாட்சி யார்? ராத்திரி முழுக்க விளக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு வீட்டில் நடப்பதையெல்லாம் பார்க்கிறது பல்லி. நாம் ஒன்று பேசும்போது அது சத்தமிட்டால் 'பார், பல்லி சொல்லுது' என்று அதன் சாட்சியை ஏற்கெனவே ஒப்புக்கொள்கிறவர்கள் நாம். அந்தப் பல்லிக்கு ஒரு வழக்கைக் கொடுங்கள். மாடி வீட்டில் காணாமல் போன வெள்ளிக் கொலுசு, வேலைக்கு வருகிற அம்மா மேல் எல்லோருக்கும் சந்தேகம், பல்லிக்கு மட்டும் ஜன்னல் ஓரம் என்ன நடந்தது என்று தெரியும், ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? இங்கிருந்து நீங்கள் எழுதுங்கள், முதலில் படிக்க முன்வரிசையில் ஆள் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.