மேசைக்கு அடியில் எழுதியவர்

எல்லோருக்கும் வணக்கம்.

அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது. அவரைப் பற்றி நான்தான் பேச வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டான். சரி என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். இரண்டு நாளாக ஒன்றும் வரவில்லை. அப்புறம் கைவிளக்கை எடுத்துக்கொண்டு அதே மேசைக்கு அடியில் போய்ப் படுத்தேன். சொல்ல வேண்டியது அங்கே இருந்தது.

அந்த மேசையை அவர் செய்தபோது எனக்கு ஏழு வயது. அதில்தான் சாப்பிட்டோம், அதில்தான் வீட்டுப்பாடம் எழுதினோம், அதைச் சுற்றி நின்றுதான் சண்டையும் போட்டோம். மேல்பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் எனக்குப் பழக்கம். அடிப்பக்கத்தை இத்தனை வருடத்தில் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. நான்கு பலகைகளைச் சேர்த்து ஒட்டிய மேசை அது. நான்கையும் தொட்டுக்கொண்டு பென்சிலில் ஒரு பெரிய முக்கோணம் போட்டிருக்கிறார். மரவேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். பலகைகள் கலைந்துபோனாலும் கோடுகளைச் சேர்த்துப் பார்த்தால் எதற்குப் பக்கத்தில் எது, எந்தப் பக்கம் மேலே என்று சொல்லிவிடலாம். முக்கோணத்துக்குப் பக்கத்தில் மரத்தை அடுக்கிய நாள், இழைத்த நாள், ஒட்டிய நாள் என்று வரிசையாகக் குறித்திருக்கிறார். அவற்றுக்கு நடுவே, சின்ன எழுத்தில் ஒரு வரி: "பெரியவளுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் தொடவில்லை."

பெரியவள் நான்தான்.

அப்பா டைரி எழுதியவர் இல்லை. கடிதம் எழுதியதாகவும் எனக்கு நினைவில்லை. நான்கு பேர் கூடிய இடத்தில் பேசவும் மாட்டார். அவர் எழுதியதெல்லாம் இப்படி, யாரும் பார்க்காத பக்கத்தில். மேசையைப் பார்த்த அன்றே வீட்டில் உள்ள எல்லாச் சாமான்களையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டோம். அம்மாவும் கூடவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார்.

இரண்டு அங்குலப் பலகை ஒன்றின் முனையில் தம்பி பிறந்த தேதி இருந்தது. அது ஏன் என்று அம்மா சொன்னார். தம்பி பிறந்த வாரத்தில் அப்பா மரம் வாங்கி அடுக்கினாராம், அவனுக்குக் கட்டில் செய்ய. அடுக்கியவர் இரண்டு வருடம் அதைத் தொடவில்லை. காற்றில் காயவைக்கும் மரத்துக்கு ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. அறுத்த முனைகளில் பெயின்ட் அடித்துவைப்பார். பக்கவாட்டைவிட முனை வழியாகத்தான் ஈரம் பல மடங்கு வேகமாக வெளியேறும், முனை முதலில் காய்ந்து வெடித்துவிடும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரே கனத்தில் குச்சிகள், அந்தக் குச்சிகளும் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில். இல்லாவிட்டால் பலகை வளைந்துபோகும். இரண்டு வருடமும் தம்பி அம்மாவுக்குப் பக்கத்தில்தான் தூங்கினான். கட்டில் வந்தபோது அதிலிருந்து இறங்கி ஓடும் வயசு ஆகிவிட்டது. அதற்குத் தகுந்த மாதிரி உயரத்தைக் குறைத்துக்கொண்டார்.

மரம் அசையும் என்று எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் அவர். பச்சை மரத்தில் ஈரம் ஏறக்குறைய முப்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது அது சுருங்க ஆரம்பிக்கிறது. நீளவாக்கில் அந்தச் சுருக்கம் ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான். அகலத்தில் அப்படி இல்லை, கண்ணுக்கே தெரியும். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவதைப் போல் சுமார் இரண்டு மடங்கு. காய்ந்த பிறகும் நிற்பதில்லை. காற்றில் ஈரம் கூடினால் உப்பும், குறைந்தால் ஒடுங்கும், அது அலமாரி ஆகி ஐம்பது வருடம் ஆன பிறகும். அதனால் கதவுச் சட்டத்தில் காடி, அதாவது நீளமான பள்ளம், எடுத்து நடுப்பலகையை உள்ளே இறக்கும்போது அவர் பசை போடவே மாட்டார். நாலு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு, பலகையை விரலால் தள்ளிப் பார்ப்பார். அது லேசாக நகர வேண்டும். "இறுக்கிப் பிடிச்சா வெடிச்சிடும்மா" என்பார். பட்டறையில் அவர் வாயிலிருந்து அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பட்டறைக்குப் போனவர்களுக்கு அவருடைய ஒரு வழக்கம் நினைவிருக்கும். பொழுது சாய்ந்தால் பூட்டிவிடுவார். வேலை பாதியில் இருக்கட்டும், ஆள் வாசலில் நிற்கட்டும், பூட்டிவிடுவார். கேட்டால், "வெளிச்சம் போயிடுச்சு" என்று ஒரே பதில். அதில் தொழில் நியாயம் உண்டு. இழைத்த பரப்பில் மேடு பள்ளம் பார்க்க, ஜன்னலிலிருந்து சாய்வாக வந்து விழும் வெளிச்சம் வேண்டும். தலைக்கு மேலே தொங்கும் விளக்கில் எல்லாமே சமமாகத்தான் தெரியும். ஆனால் சாய்வான விளக்கு ஒன்றை வைத்துக்கொள்வது பெரிய காரியம் இல்லை, அவரிடமே ஒன்று இருந்தது. அவர் பூட்டியது வீட்டுக்கு வர. ஆறரை மணிக்குக் கை கால் கழுவிக்கொண்டு அந்த மேசையின் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். எங்கள் பாடம் அவருக்குத் தெரியாது. நாங்கள் எழுதி முடிக்கும்வரை பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டு இருப்பார். உளி தீட்டிய கை சீவிய பென்சில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வகுப்பில் என் பென்சிலைக் கடன் கேட்காதவர் கிடையாது.

இதில் எனக்கு ஒரு கோபமும் இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். நான் கல்லூரிக்குப் போகும் சமயத்தில் அவருக்கு ஒரு பெரிய கட்டடத்தின் கதவு, ஜன்னல் வேலை முழுவதும் வந்தது. எட்டு மாதம் வெளியூரில் தங்கிச் செய்ய வேண்டும். அதை வேண்டாம் என்றுவிட்டார். அந்தப் பணம் வந்திருந்தால் நான் விரும்பிய படிப்பில் சேர்ந்திருப்பேன். வேறு படிப்பில் சேர்ந்தேன். பல வருடம் அவரிடம் அதைப் பற்றிப் பேசவும் இல்லை, மறக்கவும் இல்லை. அந்த எட்டு மாதமும் அம்மா உடம்பு முடியாமல் இருந்த காலம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே கோபப்பட்டேன். அவர் தன் பக்க நியாயத்தை ஒருமுறைகூட எடுத்துச் சொன்னதில்லை. அன்று வீட்டில் கவிழ்த்த சாமான்களில் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன முக்காலியும் ஒன்று. அதன் அடியில் அந்த வருடம் போட்டிருக்கிறது. மருந்து வைக்கச் செய்தது. படுத்தபடியே கை எட்டும் உயரம். பாட்டில் உருண்டு விழாமல் இருக்க விளிம்பில் விரற்கடை உயரத்துக்கு ஒரு சட்டம். கால்கள் சேரும் இடத்தில் கழுந்தும், அதாவது செதுக்கிய மர முனையும், அது நுழையும் துளையும் எவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன என்றால், நகத்தை வைத்து ஓட்டினால் தட்டவே இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இளம் தச்சர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அப்பாவுக்குக் கடைசிப் பத்து வருடம் காது சரியாகக் கேட்கவில்லை. பட்டறைக்கு வட்ட ரம்பம் வந்தபோது அது வேலையை எவ்வளவு குறைக்கிறது என்றுதான் எல்லோரும் பார்த்தோம். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம், 100 டெசிபல் என்றால் பதினைந்தே நிமிடம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் வரம்பு. ரம்பம் அந்த 100ஐச் சாதாரணமாகத் தாண்டும். சத்தத்தால் காது போகும்போது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம், பேத்தியின் குரல் முதலில் போனது. அவள் பேசும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சிரிப்பார். என்ன சொன்னாள் என்று பிறகு மெதுவாக என்னைக் கேட்பார். மரத்தூளும் அப்படித்தான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995லேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. காதை அடைத்துக்கொள்ளுங்கள். மூக்கை மூடுங்கள். உங்கள் வீட்டுக் குழந்தைகள் பேசுவதை நீங்கள் கேட்க வேண்டும்.

அந்த முக்காலியில் பார்த்த பூட்டு எவ்வளவு பழையது தெரியுமா? ஜெர்மனியில் லைப்சிக் பகுதியில் ஓக் மரப் பலகையால் கட்டிய நான்கு கிணறுகளைத் தோண்டி எடுத்தார்கள். ஆய்வு 2012இல் வெளியானது. கி.மு. 5469க்கும் 5098க்கும் இடையே வெட்டிய மரங்கள். கல் கோடரி வைத்திருந்த ஜனங்கள், துளைபோட்டுக் கழுந்து நுழைத்துப் பூட்டியிருக்கிறார்கள். எழுத்தே இல்லாத காலம், யார் கட்டினார்கள் என்று தெரியாது. மரத்தின் வளையங்களை எண்ணி, ஒப்பிட்டு வருடத்தைச் சொல்கிறார்கள். இதைப் படித்த அன்று அப்பாவின் கையைத்தான் நினைத்துக்கொண்டேன். ஏழாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருவர் அந்தப் பூட்டைத் தட்டி இறக்கிவிட்டு, அது சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்திருப்பார்.

எங்கள் வீட்டில் இதுவரை பதினொரு சாமான்களில் எழுத்து கிடைத்திருக்கிறது. அப்பா செய்த கதவோ, அலமாரியோ, தொட்டிலோ உங்களில் பலர் வீட்டில் இருக்கிறது. இன்று வீட்டுக்குப் போனதும் இழுப்பறையை உருவி எடுத்து, பின்பலகையையும் அடிப்பலகையையும் திருப்பிப் பாருங்கள். ஒரு விளக்கைச் சாய்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பழைய பென்சில் நேர் வெளிச்சத்தில் தெரியாது. ஏதாவது இருந்தால் துடைக்காமல் ஒரு படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். வெறும் தேதி மட்டும் இருந்தாலும் பரவாயில்லை. அன்று எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று அம்மாவுக்கு நினைவிருக்கும்.