கிரிமினல் ப்ரொஃபைலிங்: ஒரே ஊர், இரண்டு வழக்குகள்

[திரையில்: லண்டன் வரைபடம், ரயில் பாதைகள் மட்டும்]

1986. லண்டனில் ரயில் நிலையங்களை ஒட்டிய இடங்களில் நாலு வருஷமாகப் பெண்கள் மீது பாலியல் தாக்குதல்கள் நடந்துகொண்டிருக்கின்றன, 1985 டிசம்பரிலிருந்து கொலைகளும் சேர்ந்துவிட்டன. சந்தேகத்துக்குரியவர்கள் என்று போலீஸ் வைத்திருந்த பட்டியலில் ஏறக்குறைய 2,000 பெயர்கள். எந்த வீட்டுக் கதவை முதலில் தட்டுவது?

ப்ரொஃபைலிங் என்பது இந்தக் கேள்விக்கான பதில்தான். யார் செய்தார் என்று அது சொல்லாது. செய்தவர் எப்படிப்பட்ட ஆளாக இருக்கலாம், எந்தப் பக்கத்தில் குடியிருக்கலாம், என்ன வேலை பார்க்கலாம் என்று ஊகித்துச் சொல்லும், அவ்வளவுதான். அமெரிக்காவில் எஃப்பிஐ 1970களிலேயே இதற்குத் தனிப்பிரிவு வைத்துச் சிறையில் இருந்த கொலையாளிகளிடம் பேசிப் பேசி ஒரு முறையை உருவாக்கியது. டிவி தொடர்களில் நாம் பார்ப்பது அந்த வழி. லண்டன் போலீஸ் கூப்பிட்ட ஆள் வேறு மாதிரி.

அவர் டேவிட் கேன்டர், சர்ரே பல்கலைக்கழக உளவியலாளர். அதுவரை அவர் ஆராய்ந்தது கட்டடங்களுக்குள் மனிதர்கள் எப்படி நடமாடுகிறார்கள், தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்பதை. கொலைகாரன் மனசுக்குள் புகுந்து பார்க்கிறேன் என்றெல்லாம் அவர் கிளம்பவில்லை. நடந்த சம்பவங்களை வரைபடத்தில் குறித்தார், ஒவ்வொரு வருஷத்துக்கும் தனித்தனியாகக் கண்ணாடித் தாள் போட்டு. அப்படிப் பிரித்து வைத்ததும் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது: ஆரம்பத்தில் நடந்தவை வடமேற்கு லண்டனில் ஒரு சின்ன வட்டாரத்துக்குள் அடங்கிவிடுகின்றன, போகப் போகத்தான் வெகுதூரம் பரவுகின்றன. நாமும் புது ஊருக்குக் குடிபோனால் முதலில் தெரு முனைக் கடைக்குத்தானே போவோம், ஊரின் மறுகோடியெல்லாம் பிறகுதான் பழகும். குற்றம் செய்கிறவனும் தெரிந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறான்.

கேன்டர் கொடுத்த குறிப்பில் இருந்தவற்றில் சில: அந்த வட்டாரத்தில்தான் வீடு, திருமணமானவன், குழந்தை இல்லை, மனைவியோடு சண்டை, ரயில் பாதைகள் நன்றாகத் தெரிந்தவன். பட்டியலில் ரொம்பக் கீழே கிடந்த ஜான் டஃபி என்ற பெயரோடு இது ஒத்துப்போனது. கில்பர்னில் வீடு, முன்பு பிரிட்டிஷ் ரயிலில் தச்சு வேலை. போலீஸ் அவரைப் பின்தொடர்ந்து 1986 நவம்பரில் கைது செய்தது. 1988ல் தண்டனை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள், எனக்கு இந்த வழக்கில் முக்கியமே இதுதான். டஃபிக்குத் தண்டனை வாங்கித் தந்தது கேன்டரின் குறிப்பு அல்ல. டஃபியின் பெற்றோர் வீட்டில் கிடைத்த ஒரு வகைக் கயிறு, துணியில் ஒட்டியிருந்த நூலிழைகள், தப்பிப் பிழைத்த பெண்களின் சாட்சியம், இவைதான். குறிப்பு வரிசையை மாற்றியது, சாட்சியம் கேஸை முடித்தது.

[திரையில்: விம்பிள்டன் காமன், காலை நேரம்]

அப்புறம் 1992 ஜூலை. அதே லண்டன். விம்பிள்டன் காமன் என்ற திறந்தவெளியில் 23 வயது இளம் தாய் ஒருவர் தன் இரண்டு வயது மகனின் கண்ணெதிரே குத்திக் கொல்லப்பட்டார். நாடே கொந்தளித்தது. போலீஸ் ஒரு குற்ற உளவியலாளரிடம் கொலையாளியைப் பற்றிய குறிப்பு வாங்கியது. நாயோடு அங்கே நடக்கப் போகும், தனியாக வாழும் ஒரு மனிதர் அதற்குப் பொருந்துவதாகத் தெரிந்தது. அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை, அவர் பட்டது போதும்.

பொருந்துகிறார், ஆனால் அவருக்கு எதிராகச் சாட்சியம் ஒன்றுமில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு பெண் போலீஸைக் காதலி போல அவரிடம் பழக அனுப்பினார்கள். மாதக்கணக்கில் கடிதம், போன், நேரில் சந்திப்பு, வன்முறைக் கற்பனைகளைப் பேசத் தூண்டுவது. அந்தக் கொலையை நீ செய்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்றுகூட அவள் சொல்லிப் பார்த்தாள். மன்னித்துவிடு, நான் செய்யவில்லை என்றார் அவர். அப்படியும் 1993 ஆகஸ்டில் வழக்குப் போட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் சிறை. 1994 செப்டம்பரில் நீதிபதி ஆக்னல், போலீஸ் நடந்துகொண்டது படுமோசமான ஏமாற்று வேலை என்று சொல்லி அந்தச் சாட்சியத்தையே ஏற்க மறுத்தார். வழக்கு அதோடு முடிந்தது.

ஏன் அவ்வளவு உறுதியாக நம்பினார்கள்? லாரன்ஸ் அலிசன் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 2003ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காவல் அதிகாரிகளிடம் உண்மையான ஒரு ப்ரொஃபைலைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு நிஜக் குற்றவாளியின் விவரம், மீதிப் பேருக்கு அவனோடு ஒட்டாத, கற்பனையாக உருவாக்கிய ஒருவனின் விவரம். இரண்டு பக்கமும் பெரும்பாலோர் சரியாகப் பொருந்துகிறது என்றார்கள்! ‘யாருக்கு நல்லது செய்தாலும் உங்களுக்குக் கெட்ட பேர்தான்’ என்று ஜோசியர் சொன்னதும் நாம் தலையாட்டுகிறோமே, அதேதான். வாசகம் தளர்வாக இருந்தால் யாருக்கும் பொருந்தும். சந்தேகம் ஏற்கெனவே மனசில் விழுந்துவிட்டால் இன்னும் கச்சிதமாகப் பொருந்தும்.

உண்மையான கொலையாளி ராபர்ட் நாப்பர். தவறாகப் பிடிபட்ட மனிதர் சிறையில் இருந்த 1993 நவம்பரில், லண்டனின் பிளம்ஸ்டெட் பகுதியில் ஒரு தாயையும் அவருடைய நாலு வயது மகளையும் நாப்பர் கொன்றார். விம்பிள்டன் கொலைக்கு அவர்தான் காரணம் என்பது பல வருஷம் கழித்து டிஎன்ஏ சோதனையில் வெளிப்பட்டு, 2008 டிசம்பரில் அவரே ஒப்புக்கொண்டார். நாயோடு நடந்த அந்த மனிதருக்கு அதே ஆண்டு 7,06,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது.

இத்தனைக்கும் 1989லேயே நாப்பரின் அம்மா போலீஸுக்குப் போன் செய்திருக்கிறார். பிளம்ஸ்டெட் காமனில் ஒரு பெண்ணைப் பாலியல் வன்முறை செய்ததாகத் தன் மகனே தன்னிடம் சொன்னான் என்று. அப்படி ஒரு புகார் பதிவாகவில்லை என்று அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.